உயரத்தில் தொழில், கீழே பொறுப்பு

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் வித்துரா. மலைச்சரிவில் தேயிலையும், அதற்குக் கீழே ரப்பரும், வீட்டு வளவுகளில் தென்னையும் வளர்கின்றன. தேயிலைத் தோட்ட வேலைக்காகவும் கட்டட வேலைக்காகவும் தமிழ்க் குடும்பங்கள் பல இப்பகுதிக்கு வந்து சேர்ந்தன. வேறெந்த ஊரையும் போலவே இங்கும் உயரத்தில் நின்று பிழைப்போர் உண்டு. தென்னை ஏறிக் காய் பறிப்போர், கிளை வெட்டுவோர், சாரத்தில் நின்று வண்ணம் பூசுவோர், ஏணியில் நின்று சன்னல் கண்ணாடி துடைப்போர் ஆகியோர் அவர்கள். இவர்களுள் பலர்க்கு முதலாளி இல்லை. அழைத்த வீட்டுக்குச் சென்று, பேசிய கூலியைப் பெற்றுத் திரும்புவர். இத்தகையோரைச் சுயதொழில் செய்வோர் என்கிறோம்.

தென்னை ஏறுவோரை இங்குள்ள மக்கள் 'தெங்கு' என்னும் சொல்லோடு சேர்த்தே குறிப்பிடுகின்றனர். தெங்கு என்பது பழந்தமிழ்ச் சொல். தமிழ்நாட்டில் ஏட்டோடு நின்றுவிட்ட அச்சொல் மலையாளத்தில் அன்றாடப் பேச்சில் வாழ்கிறது. வேற்றூரில் வாழும் தமிழ் மாணவர் இதனை அறிந்து மகிழலாம்.

தென்னை ஏறுபவர் தவறி விழுந்தால் அவர்க்கு என்ன ஆகும் என்பதை யாவரும் எண்ணுகின்றனர். அவர் வெட்டிய குலை வேறொருவர் மீது விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சிலரே எண்ணுகின்றனர். இப்பாடம் அந்த இரண்டாம் வினாவைப் பற்றியது.

முற்றிய தேங்காய் மட்டையோடு ஒரு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அது 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிடில், தரையைத் தொட அதற்கு இரண்டு நொடிகளே போதும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். விரைந்து செல்லும் பேருந்தின் வேகம் அது. நான்காம் மாடியில், 12 மீட்டர் உயரத்தில், கண்ணாடி துடைப்பவரின் கையிலிருந்து நழுவும் கருவியும் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் தரையை அடையும். அறிவியல் பாடத்தில் கற்ற சமன்பாட்டைக் கொண்டு மாணவர்கள் இவ்விரு கணக்குகளையும் தாமே சரிபார்க்கலாம். 2010 நவம்பரில் அமெரிக்க அதிபர் ஒபாமா மும்பையிலுள்ள மணிபவன் காந்தி நினைவகத்துக்கு வருவதற்கு முன், அங்கிருந்த தென்னை மரங்களின் காய்களை முன்கூட்டியே பறித்துவிட்டனர். அதிபரின் தலைக்குக் கிடைத்த இந்தக் கவனம் தெருவில் நடக்கும் எல்லாத் தலைகளுக்கும் கிடைப்பதில்லை.

ஒருவர் கவனக்குறைவால் மற்றொருவர்க்குத் தீங்கு நேர்ந்தால், தீங்கு செய்தவர் இழப்பீடு தரவேண்டும் என்பது சட்டத்தின் பொதுநெறி. திருவாரூரில் அரசிளங்குமரன் ஏறிச் சென்ற தேரின் சக்கரத்தில் ஒரு கன்று அகப்பட்டு இறந்த கதையைத் தமிழர் யாவரும் அறிவர். தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட முனைந்தான். உயிருக்கு உயிர் என்பது அக்கதையின் கணக்கு. இன்றைய உரிமையியல் நீதிமன்றம் உயிரைக் கேட்பதில்லை, பணத்தைக் கேட்கிறது. பணம் போன உயிரை மீட்காது. ஆயினும் வீட்டுத் தலைவரை இழந்த குடும்பம் அடுத்த மாதம் அடுப்பெரிக்க அதுவே உதவும்.

இந்தச் சிக்கல் புதியதன்று. கி.பி. 533-இல் உரோமப் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்ட நூலில், மரக்கிளை வெட்டுவோனையும் சாரத்தில் வேலை செய்வோனையும் பற்றித் தனியே ஒரு பகுதி உள்ளது. பொதுவழியில் கிளை விழுந்து ஆள் இறந்தால், வெட்டியவன் முன்னரே குரல் கொடுத்து எச்சரித்தானா என்று அது கேட்கிறது. எச்சரிக்கவில்லையேல் அவன் பொறுப்பாளி. கவனமுடைய ஒருவன் முன்கூட்டி உணரத்தக்கதை உணராமல் விடுவதே குற்றம் என்றும் அது விளக்குகிறது. ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் கடந்தும் இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

பொறுப்பாளி யார் என்று கண்டுபிடித்துவிட்டால் மட்டும் போதாது. ஒரு நிறுவனத்தின் ஊழியர் வேலையின்போது கவனக்குறைவால் பிறர்க்குத் தீங்கு செய்தால், நிறுவனமே பொறுப்பேற்க நேரும். கழக்கூட்டத்தில் 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் போன்ற இடங்களில் கண்ணாடிச் சுவர்களைக் கயிற்றில் தொங்கித் துடைப்போரை நிறுவனங்கள் பணியமர்த்தினால், அந்நிறுவனங்களை நோக்கி வழக்குத் தொடுக்கலாம். சுயதொழில் செய்பவர் நிலை வேறு. அவரே முதலாளி, அவரே தொழிலாளி. அவரை அழைத்த வீட்டுக்காரர் பொதுவாகப் பொறுப்பாளி ஆவதில்லை. எனவே அடிபட்டவர் மரமேறியிடமே இழப்பீடு கேட்க வேண்டியுள்ளது. அன்றாடங்காய்ச்சியிடம் இலட்சக்கணக்கில் இழப்பீடு கேட்பது கல்லில் நார் உரிப்பதாகும். தீர்ப்பு கையில் இருக்கும், தொகை கைக்கு வராது. மறுபுறம் மரமேறியின் சிறு சேமிப்பும் அத்தீர்ப்பால் பறிபோகக் கூடும். இரண்டு ஏழைக் குடும்பங்கள் ஒரே தேங்காயால் வீழும்.

இங்கேதான் காப்பீடு வருகிறது. 'ஈடு' என்னும் சொல்லுக்கு நிகர், பதிலாக வைக்கப்படுவது என்னும் பொருள்கள் உண்டு. இழப்புக்கு ஈடு இழப்பீடு. இழப்பு நேர்வதற்கு முன்பே பலர் சிறுதொகை சேர்த்து வைத்து, நேர்ந்தவர்க்கு அதிலிருந்து வழங்கும் ஏற்பாடு காப்பீடு. அது இருவகைப்படும் என்பதை மாணவர்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். பெரியோரும் இங்கேதான் குழம்புகின்றனர்.

முதலாவது, காப்பீடு எடுத்தவர்க்கே நேரும் விபத்துக்கானது. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சுரட்சா பீமா திட்டம் இவ்வகையைச் சார்ந்தது. வங்கிக் கணக்குடைய, 18 முதல் 70 வயது வரையுள்ளோர் இதில் சேரலாம். தொடக்கத்தில் ஆண்டுக்கு 12 ரூபாயாக இருந்த தவணை 2022 ஜூன் முதல் 20 ரூபாய் ஆயிற்று. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தென்னை மரத்தின் நண்பர்கள்' என்னும் பயிற்சியைத் தொடங்கி, கருவியின் உதவியால் மரமேற இளைஞர்க்கும் பெண்களுக்கும் கற்பித்தது. மரமேறுவோர்க்கென அவ்வாரியம் நடத்தும் கேர சுரட்சா காப்பீட்டில் தவணையின் பெரும்பகுதியை வாரியமே செலுத்துகிறது. இவையெல்லாம் மரத்திலிருந்து விழுபவரைக் காக்கும். மரத்தின் கீழ் நடந்தவரைக் காக்கா.

இரண்டாவது, பிறர்க்கு நேரும் இழப்புக்கானது. இதனைப் பொறுப்புக் காப்பீடு என்பர். இதன் நன்கறிந்த வடிவம் நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பொதுச்சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். தந்தையின் ஸ்கூட்டர் வழிப்போக்கர் மீது மோதினால் அவ்வழிப்போக்கர்க்கு உரிய இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் தரும். காப்பீடு எடுத்தவர் முதல் தரப்பு, நிறுவனம் இரண்டாம் தரப்பு, அடிபட்டவர் மூன்றாம் தரப்பு.

வண்டிக்குக் கட்டாயமான ஒன்று ஏணிக்குக் கட்டாயமா? இந்தியாவில் இல்லை. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அடுத்த ஆண்டு தில்லியில் மற்றொரு தொழிற்சாலையில் அமில வாயு கசிந்தது. இத்துயரங்களுக்குப் பின் 1991-இல் பொதுப்பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. தீங்கு விளைவிக்கும் வேதிப்பொருள்களைக் கையாளுவோரை மட்டுமே அது கட்டுப்படுத்தும். அரிவாளும் கயிறும் வைத்திருப்போர் அச்சட்டத்தின் எல்லைக்குள் வாரார்.

பிரிட்டனில் வீடு வீடாகச் சென்று சன்னல் துடைப்பது பலர்க்குச் சொந்தத் தொழில். அங்கும் தனியாளாக உழைப்பவர் பொறுப்புக் காப்பீடு எடுக்கவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஓர் ஊழியரை அமர்த்தினால் மட்டும், 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவ்வூழியர்க்காகக் காப்பீடு எடுத்தாக வேண்டும். ஸ்காட்லாந்தில் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சி அமைப்புகள் சன்னல் துடைப்போர்க்கு உரிமம் கட்டாயம் என விதிக்கலாம். ஆயினும் சட்டத்தைவிட வாடிக்கையாளரே அங்கு வலிமை மிக்கவர். ஏணியைச் சார்த்துமுன் காப்பீட்டுச் சான்றைக் காட்டுமாறு கடைக்காரரும் அலுவலகத்தாரும் கேட்கின்றனர். சான்றில்லாதவர்க்குப் பெரிய வேலைகள் கிடைப்பது கடினம்.

அவ்வழக்கத்தை அப்படியே வித்துராவுக்குக் கொணர்தல் பொருந்துமா என்பது எளிதில் விடை காணத்தக்கதன்று. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வேலையின்றி இருப்பவரிடம் சான்று கேட்டால், அவர் வேலையை இழப்பார், சான்றைப் பெறமாட்டார். தம் உயிருக்கே காப்பீடு எடுக்காதவர் பிறர் தலைக்கு எடுப்பாரா என்று கேட்போரும் உளர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. தம் குடும்பத்தைக் காக்கும் விபத்துக் காப்பீடே முதலில் வேண்டுவது. ஆண்டுக்கு 20 ரூபாய் என்னும்போது அதற்குச் சாக்கு இல்லை.

காப்பீடு இருந்தால் கவனம் குறையும் என்பது மற்றொரு வாதம். இது வலுவற்றது. மூன்றாம் தரப்புக் காப்பீடு இருக்கிறதென்று எந்த ஓட்டுநரும் வேண்டுமென்றே மோதுவதில்லை. மேலும் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். அத்தண்டனைக்குக் காப்பீடு ஈடாகாது. பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றுமாறு நிறுவனம் நிபந்தனை விதித்தால் கவனம் கூடவே செய்யும்.

பொறுப்பை மெய்ப்பிப்பது எளிதென்றும் எண்ணிவிடலாகாது. குஜராத்தின் ராஜ்கோட்டில் 1975-இல் சாலையோர மரம் ஒன்று விழுந்து, அவ்வழியே அலுவலகத்துக்குச் சென்றவர் இறந்தார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1997-இல் வந்த தீர்ப்பு, மாநகராட்சி பொறுப்பாகாது என்றது. இடையில் கழிந்தவை 22 ஆண்டுகள். வழக்குமன்றத்தின் வழியே மட்டும் இழப்பீட்டை எதிர்நோக்கும் குடும்பத்துக்கு இது ஒரு பாடம். காப்பீடு இருக்குமிடத்தில் நிறுவனம் பேசித் தீர்த்துக்கொள்ள முன்வருவதுண்டு. நீதிமன்றம் வரை போனாலும் தீர்ப்புத் தொகையைக் கொடுக்கக் கை ஒன்று இருக்கும்.

ஆகவே உயரத்தில் தொழில் செய்வோர் பொறுப்புக் காப்பீடு வைத்திருத்தல் நன்று. அதன் சுமையை அவர் தோளில் மட்டும் ஏற்றுதல் நன்றன்று. தனியொருவர் காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பித்தால், சிறு தொழிலுக்கு ஏற்ற திட்டம் கிடைப்பதே அரிதாகலாம். நூறு பேர் ஒரு சங்கமாகவோ கூட்டுறவாகவோ சேர்ந்து குழுக் காப்பீடு கேட்டால் நிலைமை மாறும். கேர சுரட்சாவை நடத்தும் வாரியமே அத்தோடு மூன்றாம் தரப்புப் பகுதியையும் இணைக்க முயலலாம். திட்டத்தில் சேர்வோர் விதிவிலக்குகளைப் படித்தறிவது இன்றியமையாதது. எந்த வேலைக்குப் பொருந்தும், எவ்வளவு தொகை வரை கிடைக்கும், முதல் சில ஆயிரம் ரூபாயைத் தாமே ஏற்க வேண்டுமா, விபத்தை எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்னும் நான்கும் முதன்மையானவை. படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் படித்துப் பொருள் சொல்லும் ஆள் பல வீடுகளில் பள்ளி செல்லும் பிள்ளையே.

செலவைப் பகிர்வதற்கு ஒரு கணக்கு. தென்னை ஏறும் ஒருவர் நாளொன்றுக்கு 25 மரம், ஆண்டில் 160 நாள் ஏறுவதாகக் கொள்வோம். மொத்தம் 4,000 மரம். பொறுப்புக் காப்பீட்டின் ஆண்டுத் தவணை 1,000 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு மரத்துக்கு விழும் செலவு 25 காசு. அதனைக் கூலியோடு சேர்த்து வீட்டுக்காரர் தரலாம். காய் அவர் வீட்டுக்குப் போகிறது, மரமும் அவருடையது, அதன் நிழலில் நடப்போரும் அவர் தெருவினரே.