பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு வரி

எங்கள் வகுப்புச் சுவர்ப் பத்திரிகையில் ஒரு மூலை என்னுடையது. வாரம் ஒரு முறை அதில் தொழில்நுட்பச் செய்தி எழுத வேண்டும். எதைப் பற்றி எழுதப்போகிறாய் என்று ஆசிரியை கேட்டபோது, யோசிக்காமல் அப்பிள் நிறுவனம் என்று சொல்லிவிட்டேன். அந்த நிறுவனத்தைப் பற்றி எழுதுவது இலேசு. செப்டெம்பரில் புதிய ஐபோன் வரும், ஜூனில் புதிய மென்பொருளை அறிவிப்பார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை இலாபக் கணக்கு வரும். செய்தி இல்லாத வாரத்தில் வதந்தி இருக்கும். ஒரு தவணை முழுவதும் கமெரா, நிறம், விலை என்று எழுதித் தள்ளினேன். எங்கள் வகுப்பில் ஐபோன் வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் எல்லோரும் வாசித்தார்கள்.

பிறகு கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த மாமி மகன் ஒரு ஐபோன் கொண்டுவந்தார். போனை நானாமார் சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்குப் பெட்டிதான் கிடைத்தது. அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. கலிபோர்னியாவில் அப்பிள் வடிவமைத்தது, இந்தியாவில் பொருத்தப்பட்டது என்பது அதன் பொருள். நான் சீனா என்றல்லவா நினைத்திருந்தேன்! தேடிப் பார்த்தபோது இந்திய ஐபோன்களில் பெரும்பங்கு பொருத்தப்படுவது தமிழ்நாட்டில் என்று தெரிந்தது. ஊரின் பெயர் ஸ்ரீபெரும்புதூர். வாப்பாவிடம் சொன்னேன். "ராஜீவ் காந்தியைக் கொன்ற இடம்" என்றார். வன்னியில் அவருடைய வயதுக்காரர் எல்லோருக்கும் அந்த ஊர் 1991 மே 21ஆம் திகதியோடு நின்றுவிட்டது போலும்.

முதலில் ஒரு விடயத்தை விளக்க வேண்டும். ஐபோனை அப்பிள் தயாரிக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் ஐபோன் பொருத்தும் தொழிற்சாலை எதுவும் அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாக இல்லை. 1998இல் டிம் குக் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். இன்று உலகமே அறிந்த அவர் அப்போது உற்பத்தி, விநியோகப் பக்கத்தைப் பார்த்தவர். சொந்தத் தொழிற்சாலைகளையும் களஞ்சியங்களையும் மூடி, உற்பத்தியை வெளியாரிடம் ஒப்படைத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. இப்போது வரைபடம் கலிபோர்னியாவில் தயாராகிறது. மூளை போன்ற சிப்பைத் தாய்வானில் செய்கிறார்கள். கமெராவின் உணரி ஜப்பானின் சோனியிடமிருந்து வருகிறது, திரைகளில் பெரும்பகுதி கொரிய நிறுவனங்களிடமிருந்து. இவை எல்லாம் ஓரிடத்துக்கு வந்து, கையால் பொருத்தப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, பெட்டிக்குள் போகின்றன. அந்தப் பொருத்தும் வேலையை அதிகம் செய்வது பொக்ஸ்கொன் என்ற தாய்வான் நிறுவனம்.

இதை நான் பெரியம்மாவின் மகளுக்கு விளக்கப் போனேன். ராத்தா ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தைப்பவர். நான் பாதி சொல்லும்போதே, "இது எங்கட வேலைதானே" என்றார். அவர் ஒரு நாள் முழுவதும் இடுப்புப் பட்டியில் இலாஸ்டிக் மட்டும்தான் வைத்துத் தைப்பார். அடுத்த மெஷினில் இருப்பவர் அடுத்த துண்டைத் தைப்பார். முடிவில் குத்தும் லேபிளில் இருப்பது கடல் கடந்த ஒரு நிறுவனத்தின் பெயர். அந்த நிறுவனத்துக்கும் எங்கள் நாட்டில் ஒரு தையல் மெஷின்கூடச் சொந்தமில்லை. நான் ஒரு தவணையாக விளங்கிக்கொள்ளாததை ராத்தா ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

பொருத்தும் கைக்கு எவ்வளவு போகிறது? 2009ஆம் ஆண்டின் ஐபோன் ஒன்றை ஆய்வாளர்கள் பிரித்துக் கணக்குப் பார்த்தார்கள். அதை உற்பத்தி செய்ய ஏறத்தாழ 179 டொலர் செலவானது. அதில் சீனாவில் பொருத்திய கூலி 6.50 டொலர். பழைய கணக்குத்தான், இன்றைய தொகை வேறாக இருக்கும். ஆனால் நூற்றுக்கு நான்கு கூட இல்லை என்ற அந்த அளவு என் மனதில் நின்றுவிட்டது.

ஸ்ரீபெரும்புதூர் சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. அங்கே போன் செய்வது ஐபோனோடு தொடங்கியதல்ல. 2006இல் நொக்கியா அங்கே ஒரு பெரிய தொழிற்சாலையைத் திறந்தது. உம்மாவின் முதல் போன் நொக்கியாதான், அது அங்கிருந்து வந்ததாகவும் இருக்கலாம். 2014இல் அது மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், அவர்களில் பலர் இளம்பெண்கள். இந்தியாவில் ஐபோன் பொருத்துவது 2017இல் பெங்களூரில் தொடங்கியது. 2019இல் பொக்ஸ்கொன் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியது. 2025இல் அமெரிக்கா சீனப் பொருட்களுக்குப் பெரிய வரி போட்டபோது, சென்னை விமான நிலையத்திலிருந்து தனி விமானங்களில் ஏறத்தாழ 600 தொன் ஐபோன்களை அமெரிக்காவுக்கு அனுப்பியதாக ரொய்ட்டர்ஸ் எழுதியது. ஜூன் காலாண்டில் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வரும் என்று அந்த ஆண்டு மே மாதம் டிம் குக்கே சொன்னார். இதையெல்லாம் சுவர்ப் பத்திரிகையில் பெருமையாகவே எழுதினேன். தமிழ் பேசும் பெண்களின் கைபட்ட போன் என்று தலைப்புக்கூடப் போட்டேன்.

அந்தப் பெண்கள் யார் என்று அப்போது நான் தேடியிருக்கவில்லை.

அவர்களில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர்களும் இருப்பார்கள். நிறையப்பேர் விடுதியில் தங்கி, நிறுவனத்தின் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறார்கள். 2021 டிசம்பர் நடுப்பகுதியில் அப்படி ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். 159 பேர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக ஒரு வதந்தி பரவியது. யாரும் இறக்கவில்லை. ஆனால் தோழி எங்கே என்று கேட்டவர்களுக்கு உடனே பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் வதந்தி பரவாமல் என்ன செய்யும்? டிசம்பர் 17 இரவு பெண்கள் வீதிக்கு வந்து சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். மறியல் மறுநாளும் நீடித்தது. பொலிஸார் பலரைப் பிடித்துப் பின்னர் விடுவித்தார்கள். ஒரே அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை இருந்ததும், தரையில் படுத்ததும், தண்ணீர் வராத கழிப்பறைகளும் அப்போதுதான் வெளியே தெரிந்தன.

ஏறத்தாழ 17,000 பேர் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டது. அப்பிள் தன் ஆட்களை அனுப்பிப் பார்த்தது. சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் தன் விதிகளுக்கு ஏற்றவை அல்ல என்று ஒப்புக்கொண்டு, அந்தத் தொழிற்சாலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. 2022 ஜனவரி 12இல் வேலை மீண்டும் தொடங்கியது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அந்த விதிகள் 2021இல் எழுதப்பட்டவை அல்ல. தனக்குப் பொருள் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகளின் நிலை பற்றி அப்பிள் 2007 முதல் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டு வருகிறது. 2010இல் சீனாவின் ஷென்சென் நகரிலுள்ள பொக்ஸ்கொன் தொழிற்சாலையில் இளம் தொழிலாளர்கள் ஒருவர்பின் ஒருவராக உயிரை மாய்த்துக்கொண்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதன்பிறகு பரிசோதனைகள் கூடின. ஆனாலும் ஸ்ரீபெரும்புதூர் விடுதியின் தரையை அந்தப் பரிசோதனைகள் காணவில்லை. வீதியை மறித்த பிறகுதான் கண்டன. ஒரு திருகாணி எவ்வளவு இறுக வேண்டும் என்று கலிபோர்னியாவிலிருந்து சொல்ல முடிந்தவர்களுக்கு, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்பது அவ்வளவு கஷ்டமான வேலையா?

நல்லது நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதித் தொகுதி ஒன்றை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். செலவு 700 கோடி இந்திய ரூபாய்க்கு மேல். கட்டியது மாநில அரசின் சிப்காட் நிறுவனம். உலகின் பெரும் பணக்கார நிறுவனங்களில் ஒன்றின் போனைப் பொருத்தும் பெண்களுக்கு அரசு கட்டில் போட்டுக் கொடுக்கிறது என்பதை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

2024 ஜூனில் வந்த செய்திதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. திருமணமான பெண்களை ஐபோன் பொருத்தும் வேலைக்கு எடுப்பதில்லை என்பது அந்தத் தொழிற்சாலையில் வழக்கமாக இருந்ததாக ரொய்ட்டர்ஸ் எழுதியது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், லீவு ஆகியவை காரணமாகச் சொல்லப்பட்டன. தாலியும் மெட்டியும் உற்பத்திக்கு இடைஞ்சல் என்றும் சொல்லப்பட்டதாம். பொக்ஸ்கொன் இதை மறுத்தது. புதிதாக எடுத்த பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மணமானவர் என்றது. 2022இல் ஆள்சேர்க்கும் முகவர்களின் விளம்பரங்களில் தவறு இருந்ததாகவும், அது திருத்தப்பட்டதாகவும் சொல்லப்பட்டது. இந்தியத் தொழில் அமைச்சு 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைக் காட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதிகாரிகளிடம் நிறுவனமே கொடுத்ததாக வெளிவந்த கணக்கில், அங்கே வேலை செய்யும் 33,360 பெண்களில் மணமானவர்கள் 2,750 பேர். நூற்றுக்கு எட்டு.

தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று இருந்தது. மூன்று வருடம் போல வேலை செய்தால் முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை தருவோம் என்று சொல்லிக் குமர்ப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். அங்கே கல்யாணத்தைக் காட்டி உள்ளே அழைத்தார்கள். இங்கே கல்யாணத்தைக் காட்டி வாசலில் நிறுத்துகிறார்கள். இரண்டிலும் கணக்கு ஒன்றுதான். இருபது வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் உள்ள சில வருடங்கள் மட்டும் வேண்டும், அதற்குப் பின்னால் வருகிற பெண் வேண்டாம்.

இதை நான் ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. இப்போதைய வேலைக்கு முன் வேறோர் இடத்தில் நேர்முகத்துக்குப் போனபோது நடந்ததைச் சொன்னார். கலியாணம் பேசியிருக்கிறதா என்று முதலில் கேட்டார்களாம். ஓம் என்று உண்மையைச் சொன்னார். பிறகு அறிவிக்கிறோம் என்றார்கள். இன்றுவரை அறிவிக்கவில்லை. "மெஷினில இருத்திப் பாத்திட்டு வேணாமெண்டு சொல்லியிருந்தா மனசு ஆறியிருக்கும்" என்றார்.

எங்கள் நாட்டில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இலேயே வந்தது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்கக்கூடாது, சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். பெரிய பாதுகாப்புத்தான். ஆனால் அது உள்ளே போன பெண்ணுக்கே உதவும். லீவு கொடுக்க விரும்பாத முதலாளி, லீவு கேட்கக்கூடியவளை வாசலிலேயே தடுத்துவிட்டால் சட்டம் அவளை எட்டாது. 'பிறகு அறிவிக்கிறோம்' என்பதற்கு எதிராக எங்கே போய் முறையிடுவது?

இதை வாசிக்கும் உம்மாமார், வாப்பாமார், தொழிற்சாலையே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். ராத்தாவின் சம்பளத்தில்தான் பெரியம்மாவின் மருந்தும் தம்பியின் ரியூஷன் காசும் போகின்றன. ஸ்ரீபெரும்புதூரின் பெண்களும் அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறோம் என்று வீதியை மறிக்கவில்லை. ஒழுங்கான சாப்பாடும் படுக்க இடமும் கேட்டுத்தான் மறித்தார்கள். விடுதி பார்க்கப் போகும் பெற்றோர் பூட்டும் மதிலும் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். குசினியையும் குழாயையும் ஒரு தரம் திறந்து பார்க்கச் சொல்லி உம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

2024 நவம்பரில் இன்னொரு சிறு செய்தி வந்தது. வேலை விளம்பரங்களில் வயது, பால், மணமானவரா என்ற விபரங்களைப் போட வேண்டாம் என்று பொக்ஸ்கொன் தன் முகவர்களுக்குச் சொல்லியிருக்கிறதாம். புதிய ஐபோனின் நிறத்துக்குக் கிடைக்கும் இடத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை. நான் அதை என் மூலையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். கீழே ஒரு தோழி பென்சிலால் கேட்டிருந்தாள்: விளம்பரத்தில் இல்லாவிட்டால் நேர்முகத்தில் கேட்கமாட்டார்களா?

ராத்தாவின் நிக்காஹ் வருகிற ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு. இப்போதைய வேலையிடத்தில் அதைச் சொல்வதா, விடுவதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.