மானிட்டர் வாங்கும் முன்: ரெசல்யூஷன் முக்கியமா, ரெஃப்ரெஷ் ரேட் முக்கியமா?

எபிசோடின் செம்மைப்படுத்தப்பட்ட எழுத்து வடிவம்

போன மாசம் என் தம்பி போன் பண்ணான். முதல் வேலை, மூணாவது மாசச் சம்பளம் கையில வந்திருக்கு. "அண்ணா, கேமிங்குக்கு மானிட்டர் வாங்கப் போறேன். ஒரு 4கே பார்த்து வெச்சிருக்கேன், ஓகேதானே?"ன்னு கேட்டான். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஏன்னா கிட்டத்தட்ட அதே வயசுல, அதே ஆசையில, அந்தத் தப்பை நானே பண்ணியிருக்கேன்.

முதல் போனஸ்ல 27 இன்ச் 4கே மானிட்டர் ஒண்ணு வாங்கினேன். 60 ஹெர்ட்ஸ். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினதும் டெஸ்க்டாப் அப்படியே அச்சடிச்ச புகைப்படம் மாதிரி இருந்துச்சு. ஒரு மணி நேரம் வால்பேப்பரை மட்டும் மாத்தி மாத்திப் பார்த்தேன். அப்புறம் கேமைத் திறந்தேன். என்கிட்ட இருந்தது 4 ஜிபி மெமரி உள்ள பட்ஜெட் கிராபிக்ஸ் கார்டு. படம் நகரல, ஸ்லைடு ஷோ ஓடுச்சு. சரின்னு கேமை 1080பிக்கு இறக்கினேன். இப்போ வேகமா ஓடுது, ஆனா என் பழைய மானிட்டரைவிட மங்கலாத் தெரியுது. நாலு மாசம் கழிச்சு அதைப் பாதி விலைக்கு ஆபீஸ் நண்பர் ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன். அவர் நாள் முழுக்க எக்செல் பார்ப்பவர். அவருக்கு அது சொர்க்கம். மானிட்டர் மேல குத்தமே இல்ல. கணக்குப் போடாம வாங்கினது நான்.

அந்தக் கணக்கைத்தான் இன்னிக்கு உங்களோட போடப் போறேன்.

ரெண்டு நம்பர், ரெண்டு வேலை

ரெசல்யூஷன் என்பது ஒரு படத்துல எத்தனை புள்ளி இருக்கு என்பது. ரெஃப்ரெஷ் ரேட் என்பது ஒரு நொடியில மானிட்டர் எத்தனை தடவை படத்தைப் புதுசாக் காட்டும் என்பது. முதலாவது தெளிவு, ரெண்டாவது அசைவு. ரெண்டுக்கும் பில் கட்டுறது உங்க கம்ப்யூட்டர்தான், மானிட்டர் இல்ல. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 144 படத்தைக் காட்டத் தயாரா நிக்கும். அத்தனை படத்தை வரைஞ்சு அனுப்ப வேண்டியது கிராபிக்ஸ் கார்டும் ப்ராசசரும். அனுப்ப முடியலன்னா நீங்க கொடுத்த காசு சும்மா நிக்குது.

ரெசல்யூஷன் கணக்கு

1080பி என்றால் 1920 பெருக்கல் 1080, சுமார் 20.7 லட்சம் பிக்சல். 1440பி என்றால் 2560 பெருக்கல் 1440, சுமார் 36.9 லட்சம். 4கே என்றால் 3840 பெருக்கல் 2160, சுமார் 83 லட்சம். அதாவது 1080பியிலிருந்து 1440பிக்குப் போனா கார்டுக்கு 1.78 மடங்கு வேலை. 4கேக்குப் போனா சரியா நாலு மடங்கு. பேரைக் கேட்டா 1440ம் 2160ம் பக்கத்துப் பக்கத்துல இருக்கிற மாதிரி தோணும். உண்மையில அந்த ரெண்டாவது படிதான் ரொம்ப உயரமான படி.

இன்னொரு விஷயம், ரெசல்யூஷனை மட்டும் தனியாப் பார்க்கக் கூடாது. திரையோட அளவையும் சேர்த்துப் பார்க்கணும். 24 இன்ச்ல 1080பி என்றால் ஒரு இன்ச்சுக்கு சுமார் 92 பிக்சல். அதே 1080பியை 27 இன்ச்ல போட்டா 82க்கு இறங்கிடும். மேஜைக்கு முன்னாடி ரெண்டடி தூரத்துல உட்கார்ந்தா எழுத்தோட ஓரம் பிசிறு தட்டுறது கண்ணுக்குத் தெரியும். 27 இன்ச்ல 1440பி என்றால் 109. கேமுக்கும் நல்லா இருக்கும், கோடு எழுதவும் நல்லா இருக்கும். இதுல ஒரு வேடிக்கை: 32 இன்ச் 1440பி மானிட்டரோட கூர்மையும் 24 இன்ச் 1080பியோட கூர்மையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பெருசா வாங்கினா தெளிவாத் தெரியும்னு நினைச்சு இதுல மாட்டிக்கிறவங்க நிறைய பேர்.

ரெஃப்ரெஷ் ரேட் கணக்கு

இதை ஹெர்ட்ஸ்ல யோசிக்காதீங்க, மில்லி செகண்டுல யோசிங்க. 60 ஹெர்ட்ஸ்ல ஒரு படம் 16.7 மில்லி செகண்டு திரையில நிக்கும். 144ல அது 6.9. 240ல 4.2. 360ல 2.8. இப்போ வித்தியாசத்தைப் பாருங்க. 60லிருந்து 144க்குப் போனா கிட்டத்தட்ட 10 மில்லி செகண்டு மிச்சம். 144லிருந்து 240க்குப் போனா மூணுக்கும் குறைவு. 240லிருந்து 360க்கு ஒண்ணரைகூட இல்ல.

அதனாலதான் முதல் தாவல் யாருக்கும் தெரியுது. 60 ஹெர்ட்ஸ் போன்லேருந்து 120 ஹெர்ட்ஸ் போனுக்கு மாறினப்போ ஸ்க்ரோல் பண்ணுறது வழுக்கிக்கிட்டுப் போச்சே, அந்த உணர்வுதான். அதுக்கு மேல ஏற ஏற, கொடுக்கிற காசுக்குக் கிடைக்கிறது சுருங்கிக்கிட்டே போகுது. வேலரண்ட், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் மாதிரி கேமைப் போட்டிக்காக ஆடுறவங்களுக்கு அந்த மூணு மில்லி செகண்டும் பெருசு. அவங்க 24 இன்ச் சுத்துவட்டத்துல, 1080பியில, 240 அல்லது 360 ஹெர்ட்ஸ் வாங்குறதுக்குக் காரணம் அதுதான். ராத்திரி பத்து மணிக்கு ரெண்டு மேட்ச் ஆடிட்டுத் தூங்கப் போற எனக்கு அது பெருசு இல்ல.

சில கேம்ல வேகத்துக்கே பூட்டு போட்டிருப்பாங்க. எல்டன் ரிங் பிசியில 60 ஃப்ரேமைத் தாண்டாது. உங்க மானிட்டர் 240 ஹெர்ட்ஸா இருந்தாலும் அங்க 60தான்.

காசு செலவில்லாத ஒரு பரீட்சை

இதுதான் இன்னிக்கு எபிசோடோட முக்கியமான பகுதி. புது மானிட்டர் வாங்குறதுக்கு முன்னாடியே, அதுல உங்க கேம் எப்படி ஓடும்னு இப்போ இருக்கிற 1080பி மானிட்டர்ல வெச்சே பார்த்துடலாம்.

என்விடியா கார்டா இருந்தா அதோட கன்ட்ரோல் பேனல்ல டிஎஸ்ஆர்னு ஒரு வசதி இருக்கு. அதுல 1.78 மடங்கைத் தேர்ந்தெடுத்தா கேமுக்குள்ள 1440பி காட்டும். 4 மடங்கைத் தேர்ந்தெடுத்தா 4கே காட்டும். ஏஎம்டி கார்டுலயும் இதே வேலையைச் செய்யிற வசதி உண்டு, பேரு விர்ச்சுவல் சூப்பர் ரெசல்யூஷன். கார்டு உண்மையாவே அத்தனை பிக்சலையும் வரையும், அப்புறம் உங்க திரைக்கு ஏத்த மாதிரி சுருக்கிக் காட்டும். 4கே தெளிவு வராது. ஆனா 4கே பாரம் வரும். நமக்குத் தெரிய வேண்டியது அந்தப் பாரம்தான். ஃப்ரேம் கவுன்ட்டரை ஆன் பண்ணிட்டு, நீங்க அதிகமா ஆடுற மூணு கேமை அரை மணி நேரம் ஆடிப் பாருங்க.

அடுத்து அதோட நேர் எதிர் பரீட்சை. கேமை 720பிக்கு இறக்கி, கிராபிக்ஸ் எல்லாத்தையும் குறைச்சுடுங்க. ஃப்ரேம் எகிறுச்சுன்னா கார்டுதான் உங்களைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. இவ்வளவு இறக்கியும் 110, 120லயே நிக்குதுன்னா இழுக்கிறது ப்ராசசர். அப்படிப்பட்ட மெஷினுக்கு 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குறது, சைக்கிளுக்கு ரேஸ் ட்ராக் போடுற மாதிரி.

தம்பியை இதைச் செய்யச் சொன்னேன். அவன்கிட்ட ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு இருக்கு. வேலரண்ட்ல 1440பி வெச்சும் 200க்கு மேல வந்துச்சு. சைபர்பங்க் 2077ல 1080பியில 70 சொச்சம், 1440பியில 50க்குக் கீழ, 4கேல 22. அந்த 22ஐ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். கூட ஒரு அழுகை எமோஜி. நாலு மாசம் கழிச்சு பாதி விலைக்கு விக்கிறதைவிட அந்த எமோஜி மலிவு.

"டிஎல்எஸ்எஸ் இருக்கே அண்ணா?"

நியாயமான கேள்விதான். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் ரெண்டும் கேமைச் சின்ன ரெசல்யூஷன்ல வரைஞ்சு, பெருசாக்கித் தரும் நுட்பங்கள். 4கேல குவாலிட்டி மோடுனு போட்டா உள்ள ஓடுறது 1440பி. அவன் சைபர்பங்க்ல 1440பி வெச்சு குவாலிட்டி மோடு போட்டப்போ 60ஐத் தாண்டுச்சு. அது நல்லது. ஆனா 4கேல அந்த 22ஐ 60 ஆக்கணும்னா ரொம்ப ஆக்ரோஷமான மோடுக்குப் போகணும், அப்போ படத்துல மினுமினுப்பும் மசமசப்பும் ஆரம்பிக்கும். எல்லா கேம்லயும் இந்த வசதி இருக்காது என்பதையும் மறக்காதீங்க. இதைக் கைத்தடி மாதிரி வெச்சுக்கலாம், கால் மாதிரி நம்பக் கூடாது.

"சரி, 4கே வாங்கி 1440பியில ஆடுறேனே?"ன்னும் கேட்டான். ஆடலாம். ஆனா மானிட்டர்ல இருக்கிற பிக்சலும் கேம் அனுப்புற பிக்சலும் ஒண்ணுக்கு ஒண்ணு பொருந்தாது. ஒரு பிக்சலை ஒண்ணரைப் பிக்சல்ல நிரப்பணும். அதனால எழுத்து, ஓரம் எல்லாம் கொஞ்சம் குழைஞ்சு தெரியும். என் பழைய கதை அதுதான்.

அவன் பக்கம் ஒரு நல்ல வாதம் இருந்துச்சு, அதை மறுக்கல. கார்டை மூணு நாலு வருஷத்துல மாத்துவோம், மானிட்டர் அதைத் தாண்டியும் நிக்கும். அதனால இன்னிக்கு இருக்கிற கார்டைவிட ஒரு படி மேல மானிட்டர் வாங்குறது புத்திசாலித்தனம். ரெண்டு படி மேல வாங்குறதுதான் தண்டம்.

பெட்டியில கவனிக்க வேண்டியது

முதல்ல அடாப்டிவ் சிங்க். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க்னு பேர் போட்டிருப்பாங்க. கார்டு எவ்வளவு வேகத்துல படம் அனுப்புதோ, அந்தத் தாளத்துக்கு மானிட்டரும் ஆடும். அதனால படம் நடுவுல கிழிஞ்ச மாதிரி தெரியாது, திக்காது. ஃப்ரேம் 60க்கும் 90க்கும் நடுவுல ஏறி இறங்குற கேம்ல இதோட அருமை தெரியும். 2019லிருந்து என்விடியா கார்டுகளும் நிறைய ஃப்ரீசிங்க் மானிட்டர்களோட சேர்ந்து வேலை செய்யுது, அதனால தனியா விலை கூடின ஜி-சிங்க் மானிட்டரைத் தேட வேண்டியதில்ல.

ரெண்டாவது பேனல். ஐபிஎஸ் நிறத்துக்கும் பொது உபயோகத்துக்கும் நல்லது. விஏல கறுப்பு இன்னும் கறுப்பா இருக்கும், ஆனா விலை குறைஞ்ச மாடல்கள்ல இருட்டுக் காட்சி நகரும்போது நிழல் இழுத்துக்கிட்டே வரும். ஓஎல்இடி ரெண்டையும் தாண்டி நிக்கும், விலையும் அப்படியே. நாள் முழுக்க ஒரே டாஸ்க்பாரைக் காட்டினா தழும்பு விழுற ஆபத்தும் உண்டு. பெட்டியில "1 எம்எஸ்"னு பெருசா எழுதியிருந்தா உடனே மயங்காதீங்க. அதை எப்படி அளந்தாங்க என்பதுல நிறைய தந்திரம் இருக்கு. அந்த மாடலைத் தனியா அளந்து பார்த்த ரிவ்யூவைத் தேடுங்க.

மூணாவது கேபிள். பழைய எச்டிஎம்ஐ 1.4 வழியா 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ்தான். எச்டிஎம்ஐ 2.0ல 4கே 60, 1440பி 144 வரை போகும். குழப்பமே வேண்டாம்னா டிஸ்ப்ளே போர்ட் கேபிளைப் போடுங்க. அதையும் கிராபிக்ஸ் கார்டுல சொருகுங்க, மதர்போர்டுல இல்ல.

இன்னொரு வெட்கக்கேடு

என் 4கே கதைக்கு அப்புறம் 24 இன்ச், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். "ஆஹா, என்ன ஸ்மூத்!"னு எட்டு மாசம் எல்லார்கிட்டயும் பெருமை பேசினேன். ஒரு நாள் நண்பன் ஒருத்தன் வீட்டுக்கு வந்து மவுஸை அசைச்சுப் பார்த்துட்டு, "டேய், இது 60 ஹெர்ட்ஸ்ல ஓடுதுடா"ன்னான். விண்டோஸ் சும்மா 60லயே வெச்சிருந்துச்சு, நான் மாத்தவே இல்ல. செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுல டிஸ்ப்ளே, அதுல அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்க போய் ரெஃப்ரெஷ் ரேட்டை நீங்களே தேர்ந்தெடுக்கணும். இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிறவங்கள்ல யாராவது ஒருத்தர் இப்போ போய்ப் பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கப் போறீங்க.

சுருக்கமா

போட்டி ஷூட்டர்தான் உயிர் என்றால் 24 இன்ச், 1080பி, 240 ஹெர்ட்ஸ். பட்ஜெட் கம்மி, கார்டு சுமார் என்றால் 24 இன்ச், 1080பி, 144 அல்லது 165. எல்லாம் கலந்து ஆடுவேன், வேலையும் அதுலதான் என்றால் 27 இன்ச், 1440பி, 144க்கு மேல. கதை கேம்தான் ஆடுவேன், கார்டும் உச்ச ரகம் என்றால் மட்டும் 4கே.

தம்பி 27 இன்ச் 1440பி, 165 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ் வாங்கினான். 4கேக்கு ஒதுக்கினதுல மிச்சமான காசுல அம்மாவுக்கு ஒரு மிக்ஸி. மானிட்டர் வந்த அன்னிக்கு ராத்திரி எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். கேம் போட்டோ இல்ல. அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கம், அதுல 165னு இருக்கு.

எனக்கு அது போதும். அடுத்த எபிசோடுல பார்க்கலாம் மக்களே.