நான்கு ஆமைகளும் ஒரு தீவு இருவாச்சியும்

அந்தமானின் வடகோடியில் இருக்கிறது திக்லிபூர். போர்ட் பிளேரில் (இப்போது அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) விடிவதற்கு முன்பே பேருந்து ஏறினால், காட்டுச் சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் குலுங்கிக்கொண்டே போக வேண்டும். வழியில் ஓர் இடத்தில் பேருந்தே படகில் ஏறிக் கடலைக் கடக்கும்!

திக்லிபூர் பக்கத்திலுள்ள காலிப்பூர் கடற்கரைக்குக் குளிர்கால இரவுகளில் ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஒடிசாவின் கஹிர்மாதா கடற்கரைக்குச் சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான ஆமைகள் வரும்; அந்தக் கூட்டத்தைக் காலிப்பூரில் பார்க்க முடியாது. ஆனால் கஹிர்மாதாவில் திரள்வது பங்குனி ஆமை என்ற ஒரே வகை. காலிப்பூருக்கு வருவதோ பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என நான்கு வகை. எண்ணிக்கை பெருகுவது ஒன்று, வகை பெருகுவது வேறொன்று.

நான்கும் ஒரே கடலில் எப்படிப் பிழைக்கின்றன? சாப்பாட்டைப் பாருங்கள். வளர்ந்த பேராமை கடற்புல் மேயும். அழுங்காமை கூர்மையான அலகால் பவளப்பாறை இடுக்கிலிருந்து கடற்பஞ்சைப் பிய்த்துத் தின்னும். ஏழுவரி ஆமைக்கு ஜெல்லிமீன்தான் விருந்து. பங்குனி ஆமை நண்டு, இறால் என்று கிடைத்ததை விழுங்கும். தட்டு வேறு வேறாக இருப்பதால் பந்தியில் சண்டை குறைவு.

சரி, புதுப்புது வகைகள் எப்படி உண்டாகின்றன? இதைப் புரிந்துகொள்ள அதே திக்லிபூரில் ஏரியல் பே துறைமுகத்துக்குப் போய்ப் படகு ஏறலாம். எதிரே ராஸ், ஸ்மித் என்று இரண்டு தீவுகள். (போர்ட் பிளேருக்கு எதிரே இன்னொரு ராஸ் தீவு இருந்தது, அதற்கு இப்போது வேறு பெயர்.) கடல் வற்றும்போது இரண்டுக்கும் நடுவே வெள்ளை மணல்திட்டு தலைகாட்டும், நடந்தே போகலாம். கடல் ஏறினால் திட்டு மூழ்கிவிடும்.

ராஸ் தீவில் ஒரு நண்டுக்குக் கொஞ்சம் நீளமான கால் அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அம்மா அப்பாவின் அச்சு அசலாக எந்தக் குட்டியும் பிறப்பதில்லையே! ஆனால் மணல்திட்டு வழியே இரு தீவு நண்டுகளும் கலந்துகொண்டே இருந்தால் அந்தச் சிறு வேறுபாடு ஒரு தீவுக்கே உரியதாகத் தங்காது. கலப்பு நின்றுவிட்டாலோ மிகவும் குறைந்துவிட்டாலோதான் வேறுபாடுகள் ஒரு பக்கமாகச் சேரும். அவற்றில் அந்த இடத்தில் பிழைக்க உதவுபவை தலைமுறைக்குத் தலைமுறை பரவும். பல்லாயிரம் தலைமுறை கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று அந்நியமாக இருக்கும். ‘விலங்குகள் சூழலுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டன’ என்று சில புத்தகங்களில் எழுதியிருக்கும். எனக்கு அந்த வாக்கியம் பிடிப்பதே இல்லை. எந்த நண்டும் யோசித்து மாறுவதில்லை.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. வட அந்தமான், நடு அந்தமான், தென் அந்தமான் மூன்றும் அப்போது ஒரே நிலம்; உயிரினங்கள் தடையின்றிக் கலந்திருக்கலாம்.

திக்லிபூருக்குக் கிழக்கே சுமார் 130 கிலோமீட்டரில் இருக்கும் நார்கொண்டம் தீவின் கதை வேறு. அது ஆழ்கடலிலிருந்து எழுந்த எரிமலை. பரப்பு ஏறக்குறைய 7 சதுர கிலோமீட்டர்தான். அங்கே வாழும் இருவாச்சிப் பறவை வகை உலகில் வேறெங்கும் இல்லை. ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண்ணுக்குக் கறுப்பு. இரண்டுக்கும் தொண்டையில் வெளிறிய நீலப் பை, வெள்ளை வால். 1873இல் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். ஆமாம், பின்னாளில் காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான்! அருணாச்சலக் காடுகளில் இதன் உறவுக்கார இருவாச்சி உண்டு. அது இதைவிடப் பெரியது.

எப்போதோ சில இருவாச்சிகள் கடல் தாண்டி நார்கொண்டத்துக்கு வந்திருக்க வேண்டும். வந்து சேர முடிகிற தூரம். ஆனால் அடிக்கடி வந்துபோக முடியாத தூரம். புது வகை உருவாக இந்த இரண்டும் வேண்டும். காடு இருந்தால் மட்டும் போதாது: திக்லிபூரில் 732 மீட்டர் உயர சேடில் பீக் மலை நிற்கிறது, அடர்ந்த காடும் இருக்கிறது, ஆனால் ஓர் இருவாச்சிகூட அங்கே கிடையாது.

இதைவிட வியப்பானது ஒரு பல்லி. அந்தமானில் வாழைமரத்திலும் வீட்டுச் சுவரிலும் பளீர்ப் பச்சையில், முதுகில் சிவப்புப் புள்ளிகளோடு பட்டப்பகலில் திரியும். அதன் பேரினத்தைச் சேர்ந்த மற்றப் பல்லிகள் மடகாஸ்கரிலும் மொரீஷியஸ், செஷல்ஸ் போன்ற தீவுகளிலும் வாழ்கின்றன, 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால்! மிதந்துவந்த மரத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தப் பக்கத்தில் ஒன்றையொன்று பிரிந்து கிடக்கும் தீவுகள் பல, அதனால் அங்கே டஜன் கணக்கில் வகைகள். இங்கே ஒன்றே ஒன்று.

பகலில் திரியும் அந்தப் பல்லியின் கண்பாவை வட்டமாக இருக்கும். உங்கள் வீட்டு ட்யூப்லைட் பக்கம் பூச்சி பிடிக்க வரும் பல்லி இராத்திரிப் பிராணி. அடுத்த முறை சுவரில் அது அசையாமல் இருக்கும்போது, வெளிச்சத்தில் அதன் கண்ணை உற்றுப் பாருங்கள்: பாவை பூனைக்கு இருப்பதுபோல் நெடுக்குக் கீற்றாகத் தெரியும்.