கெர்னல் பேனிக்

கெர்னல் பேனிக் என்பது யுனிக்ஸ் வகை இயக்குதளத்தின் கருவான கெர்னல், தன்னால் மீள முடியாத பிழையைக் கண்டு இயக்கத்தைத் தானே நிறுத்திக்கொள்வதாகும். பழுதான தரவு வன்தட்டில் எழுதப்படுவதை விட நின்றுவிடுவதே மேல் என்பது இதன் அடிப்படை.

அப்போது திரையில் தோன்றும் செய்தி, பிழை நேர்ந்த செயற்கூறையும் அதனை அழைத்த செயற்கூறுகளின் வரிசையையும் காட்டும். ஆயினும் பிழை வெளிப்பட்ட இடமே அது தோன்றிய இடம் என்று கொள்ளலாகாது. நினைவகச் சில்லு பழுதான கணினியில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு செயற்கூறின் பெயர் வரக்கூடும்.

நிலைகுலைந்த கெர்னலை நம்பி வன்தட்டில் எழுத இயலாது. ஆகவே லினக்ஸில் 2005 இல் சேர்க்கப்பட்ட கேடம்ப் முறையில், முன்பே ஒதுக்கிவைத்த நினைவகப் பகுதியில் இரண்டாவது கெர்னல் தொடங்கி, முதலாவதன் நினைவகத்தைக் கோப்பாகச் சேமிக்கிறது. அக்கோப்பைக் கிராஷ் என்னும் கருவி கொண்டு ஆராயலாம். இவ்வாறு ஒதுக்கிவைக்காத கணினியில் திரைச் செய்தியின் ஒளிப்படமே பெரும்பாலும் எஞ்சும் சான்றாகும்.