பதினான்கு வயதுக்கு ஒரு சட்டம்

சுருட்டுச் சுற்றப் பழக வந்த சிறுவன் பிழை விட்டால் அடி. அடங்காவிட்டால் தொழிற்சாலையின் நிலவறையில் பூட்டு. 1888இல் மொன்றியலில் அமர்ந்து சாட்சியம் கேட்ட அரச ஆணைக்குழு முன் அந்தப் பிள்ளைகளே வாய்திறந்து சொன்ன கதை இது. ஆற்றுக்கு இந்தப் பக்கம், நாம் குடியிருக்கிற லவால், அப்போது வெறும் பண்ணைக் கிராமங்கள்.

பிள்ளைகளைக் காக்கச் சட்டமே இல்லாமல் இருந்ததா? இருந்தது. கியூபெக்கின் 1885ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி வேலைக்குச் சேர பையன்களுக்கு 12 வயது, பெண்பிள்ளைகளுக்கு 14 வயது ஆகவேண்டும். ஆனால் போய்ப் பார்ப்பதற்குப் பரிசோதகர்களை நியமிக்க 1888 ஆகிவிட்டது. வந்தவர்களிடமும் பெற்றோர் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே!

எல்லைக்கு அப்பால் பிலடெல்பியாவில் 1869இல் தையல்காரர்கள் தொடங்கிய 'உழைப்பின் வீரர்கள்' சங்கம் 1878இலேயே 14 வயதுக்குக் கீழே எவரும் பட்டறையிலோ சுரங்கத்திலோ வேலை செய்யக்கூடாது என்று கேட்டது. சில வருடங்களில் அந்தச் சங்கம் மொன்றியலுக்கும் வந்தது. அந்தப் பதினான்கு வயது கியூபெக்கில் பொதுச் சட்டமானது எப்போது தெரியுமா? 2023இல். அதற்கு முன்பிருந்த விதிப்படி 14 நிரம்பாத பிள்ளைக்குப் பெற்றோர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் போதும்.

இப்போது 16 வயது வரை பள்ளி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 17 மணித்தியாலம், அதிலும் திங்கள் முதல் வெள்ளி வரை 10 மணித்தியாலம்தான். உழைத்துப் பழகினால்தான் பிள்ளை பொறுப்பாக வளரும் என்பார்கள். அதிலும் ஓரளவு நியாயம் உண்டு. என் கவலை வேறு. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற குடும்பக் கடையில், முதலாளியின் சொந்தப் பிள்ளை என்றால், 14 வயது விதி இல்லை. நம்மவர்களின் பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாமே இந்த அளவுதானே?

கோப்பை கழுவிக் குடும்பத்தைக் கரையேற்றிய தலைமுறை நாங்கள். அதனால் மகன் சனிக்கிழமை முழுக்கக் கல்லாவில் நிற்பதை யாரும் வேலை என்று எண்ணுவதில்லை, உதவி என்கிறோம். உதவிக்குச் சம்பளச் சீட்டு இல்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்பா மொத்தக் கடைக்குச் சரக்கெடுக்கப் போன நேரத்தில் யார் நிற்கிறார்கள்? 1888இல் பரிசோதகர் தட்டுவதற்குத் தொழிற்சாலைக் கதவாவது இருந்தது. அம்மாவும் அப்பாவுமே முதலாளி என்றால், அந்தப் பிள்ளை யாரிடம் போய் முறையிடும்?