டீக்கடை வருமானத்தில் உலகைச் சுற்றலாம்!

கொல்லங்கோடு:

உலகம் சுற்றப் போகிறேன் என்று நம்மவர் ஒருவர் சொன்னால், கேட்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். பாலக்காட்டுப் பக்கம் பிழைக்க வந்தவர்களுக்கு வருஷத்தில் இரண்டே பயணங்கள். ஒன்று தீபாவளிக்கு, மற்றொன்று பொங்கலுக்கு. இடையில் கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்று ஏதாவது வந்தால் இன்னும் ஒன்று. கொல்லங்கோட்டில் பஸ் ஏறி, கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு வந்துவிடும். நம்மில் பலருடைய பூகோளம் அத்துடன் முடிந்துவிடுகிறது.

ஆனால் நம் கைபட்ட சரக்கு அப்படி நின்றுவிடுவதில்லை. முதலமடை மாம்பழம் வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. மூணாறு, பீர்மேடு மலைகளில் கிள்ளிய தேயிலையைக் கடலுக்கு அப்பால் குடிக்கிறார்கள். மாங்காய் பறித்தவரும் கொழுந்து கிள்ளியவரும் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். வெளிநாடு என்றால் ஒன்று பணக்காரர் போகவேண்டும், அல்லது வேலை தேடிப் போகவேண்டும் என்று நாமே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம்.

இந்தச் சட்டத்தை உடைத்தவர் நமக்கு வெகு அருகிலேயே இருந்தார்.

கொச்சி டீக்கடைத் தம்பதி

கொச்சி காந்தி நகரில் 'ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்' என்ற சிறிய கடை. அதை நடத்தியவர்கள் கே. ஆர். விஜயனும் அவர் மனைவி மோகனாவும். தெருவில் டீ விற்கத் தொடங்கிப் பிறகு கடை வைத்தவர் விஜயன். கடையில் ஆள் வைத்துக்கொள்ளவில்லை. டீ போடுவது, பலகாரம் செய்வது, பாத்திரம் கழுவுவது எல்லாம் இவர்கள் இருவருமே. ஆள் கூலி மிச்சம். அந்த மிச்சத்தையும் சேர்த்துத் தினமும் 300 ரூபாய் எடுத்து வைத்தார்கள்.

அது போதாதபோது வங்கியில் கடன் வாங்கினார்கள். பயணம் போய் வந்தபின் சுமார் மூன்று வருஷம் டீ விற்றுக் கடனை அடைத்தார்கள். கடன் தீர்ந்ததும் அடுத்த பயணம். 2007-ஆம் ஆண்டு எகிப்து, ஜெருசலேம் பக்கம் தொடங்கிய இந்தச் சுற்று, பல கண்டங்களைத் தொட்டது. 2019-இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் போனபோது, இவர்கள் கதையைக் கேள்விப்பட்ட தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா உதவி செய்தார். 2021 அக்டோபரில் ரஷ்யா சென்று திரும்பினார்கள். மொத்தம் 26 நாடுகள்.

ரஷ்யாவிலிருந்து திரும்பிய அடுத்த மாதமே, 2021 நவம்பர் 19-ஆம் தேதி, விஜயன் மாரடைப்பால் காலமானார். 'எல்லாம் ரிட்டயரான பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடும் நம் குமாஸ்தா நண்பர்கள் இந்தத் தேதியைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். விஜயனும் கடன் முழுக்கத் தீரட்டும், கையில் பணம் நிறையட்டும் என்று காத்திருந்தால் காந்தி நகரை விட்டு நகர்ந்திருக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

தினம் 300 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,09,500 ரூபாய். மூன்று வருஷத்தில் 3,28,500 ரூபாய். எல்லாருக்கும் இது முடியாது. தினம் 100 ரூபாய் மட்டும் வைத்தால்? வருஷத்துக்கு 36,500; ஐந்து வருஷத்தில் 1,82,500 ரூபாய். மாதாமாதம் 3,000 ரூபாயைத் தபால் ஆபீஸ் தொடர் வைப்பில் போடலாம். அதன் தவணையும் ஐந்து வருஷம்தான். கேரள அரசுக்குச் சொந்தமான கே.எஸ்.எஃப்.இ. நடத்தும் சிட்டியிலும் சேரலாம். எதில் போட்டாலும், அவசரத்துக்கு எடுத்துவிட முடியாத இடமாக இருப்பது நல்லது.

கடன் விஷயத்தில் மட்டும் விஜயனை அப்படியே பின்பற்றக்கூடாது. அவருக்குச் சொந்தக் கடை இருந்தது. திரும்பி வந்த மறுநாளே அடுப்பு மூட்டினால் காசு. நம்மில் தினக்கூலிக்காரருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. கந்துவட்டிக்கு, இங்கே 'பிளேடு' என்பார்களே, அதற்கு வாங்கி ஊர் சுற்றினால் பிறகு வீட்டை விற்கவேண்டி வரும். சேர்த்த பணத்தில் போவதே நமக்கு ஏற்றது.

செலவுப் பட்டியலில் நாம் மறந்துவிடும் இனம் ஒன்று உண்டு. டிக்கெட், விசா, தங்கல், சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் எழுதுவோம். நாம் இல்லாத நாட்களில் வீடு எப்படி நடக்கும் என்பதை எழுதமாட்டோம். கூலி வராத நாட்கள், கட்டவேண்டிய வாடகை, ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் ஆகியவற்றை முதலில் எழுதி, அதன் கீழேதான் டிக்கெட்டை எழுதவேண்டும். மூன்று மாத வீட்டுச் செலவு தனியே இருக்கட்டும். அதில் கை வைக்கக்கூடாது.

நீண்ட பயணத்துக்கு ஒரு முன்னோடி

ஒரே மூச்சில் வருஷக்கணக்காகச் சுற்ற நினைப்பவர்களுக்கும் தமிழில் ஒரு முன்னோடி இருக்கிறார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார்தான் அவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்திஜியின் பிறந்த நாளன்று, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போகும்போது, காந்திஜியைப் பற்றி ஒரு படம் எடுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்காகச் சுமார் மூன்று வருஷம், ஒரு லட்சம் மைல் சுற்றி, உலகின் பல மூலைகளில் கிடந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். 1940-இல் படம் வெளிவந்தது. அவர் எழுதிய 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற நூலின் பெயரே பிறகு அவருக்குப் பட்டமாகிவிட்டது.

செட்டியாரிடம் நாம் கற்கவேண்டியது, இன்ன காரியத்துக்காகப் போகிறேன் என்ற தெளிவு. காரியம் இருந்ததால் எந்த ஊருக்குப் போவது, எவ்வளவு நாள் தங்குவது என்பது தானே முடிவாயிற்று. நமக்கும் அப்படித்தான். தேயிலைத் தொழிலாளி இலங்கை மலைத் தோட்டங்களைப் பார்க்க ஆசைப்படலாம். அச்சக ஊழியர் ஜெர்மனியில் அச்சுத் தொழில் பிறந்த ஊரைக் காண விரும்பலாம். காரணம் ஒன்று கையில் இருந்தால் பணமும் நாளும் வீணாகாது.

எந்த வரிசையில் போவது?

உலகம் சுற்றும் விமானச் சீட்டு என்றே ஒன்று உண்டு. விமானக் கம்பெனிகள் கூட்டாகச் சேர்ந்து விற்கின்றன. கிழக்கு நோக்கியோ மேற்கு நோக்கியோ ஒரே திசையில் போகவேண்டும். இடையில் பல ஊர்களில் இறங்கலாம். ஒரு வருஷத்துக்குள் முடிக்கவேண்டும். ஒரு வருஷ லீவும் பெருந்தொகையும் உள்ளவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு விஜயனின் தவணைமுறைதான் வழி. பத்துப் பதினைந்து வருஷத்தில் நாலைந்து துண்டுகளாக உலகை முடிப்பது.

முதல் துண்டு நேபாளமாக இருக்கட்டும். அங்கே போக இந்தியருக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. வாக்காளர் அடையாள அட்டை போதும். இரண்டாவது இலங்கை அல்லது சிங்கப்பூர். இரண்டு நாடுகளிலும் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு இது எத்தனை தைரியம்! சிங்கப்பூருக்குக் கோவையிலிருந்தே நேரடி விமானம் இருப்பதால் கொல்லங்கோடு, சித்தூர்க்காரர்களுக்கு வசதி. இரண்டு பயணத்தில் விமான நிலையப் பயம் தெளிந்துவிடும். அதற்குப் பிறகு எகிப்தோ ஐரோப்பாவோ பார்க்கலாம்.

ஐரோப்பாவில் 29 நாடுகளுக்குச் சேர்த்து 'ஷெங்கன்' என்ற ஒரே விசா. 180 நாட்களில் 90 நாளுக்கு மேல் தங்கமுடியாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம். வேலைச் சான்று, பாங்கி கணக்கு, வருமான வரி ரசீது ஆகியவற்றைக் கேட்பார்கள். இவர் திரும்பி வருவாரா என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். ஒழுங்காகச் சம்பளம் ஏறும் கணக்குப் புத்தகம் நமக்குச் சாதகமாகவே பேசும். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போகிறவர்கள் தடுப்பூசிச் சான்று வைத்திருக்கவேண்டும். அந்த நோயுள்ள நாடுகளிலிருந்து சான்றில்லாமல் திரும்பினால் நம் நாட்டிலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள்.

பாஸ்போர்ட்டில் நமக்கு வரும் தொல்லை

வெளிமாநிலத் தமிழர்களுக்கு முதல் முட்டுக்கட்டை முகவரி. 2018 முதல் நாட்டின் எந்த ஊர் பாஸ்போர்ட் மையத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இப்போது உண்மையில் வசிக்கும் முகவரியையே எழுதவேண்டும். ஆதார் ஊர் முகவரியில் இருக்கிறதே என்று அதைக் கொடுத்தால், போலீஸ் விசாரணைக்கு வரும்போது ஆள் இருக்கமாட்டோம். அதனால் முதலில் முகவரி ஆவணங்களைச் சரிசெய்யுங்கள். பத்து வருஷம் செல்லும் 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். பல நாடுகள் ஆறு மாதமாவது ஆயுள் மீதமுள்ள பாஸ்போர்ட்டையே ஏற்கும்.

அடுத்த தொல்லை இனிஷியல். நம் பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்து வெளிநாட்டாருக்குப் புரியாது. தந்தை பெயரை முழுதாக விரித்து எழுதவேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்றது. தந்தை பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகப் பிறகு தளர்த்தியது. பள்ளிச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு வரும். 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பாதுகாப்புக்காக ஏற்பட்டது அது. படிப்பில்லை, நமக்கேது வெளிநாடு என்று யாரும் ஒதுங்கவேண்டாம். அரசு உத்தியோகத்தில் இருப்பவர்கள் சொந்தப் பயணமானாலும் இலாகாவின் முன் அனுமதி பெறவேண்டும்.

ஏமாறவேண்டாம்

விஜயன் தம்பதி டூர் கம்பெனியின் குழுவோடு போனார்கள். மொழி தெரியாதவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் பணம் கட்டுமுன், எந்தச் செலவு அடக்கம், விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குக் கம்பெனி முன்கூட்டியே ஒரு வரி பிடிக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே வேலை பிடித்துக்கொள்ளலாம் என்று ஆசை காட்டும் ஏஜண்டிடம் மட்டும் போகவேண்டாம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் 2022-இல் மியான்மரின் மியாவாடியில் சிக்கி, இணைய மோசடிக் கும்பலிடம் அடிபட்டு, பிறகு மீட்கப்பட்டார்கள். ஊர் பார்க்கப் போகிறவர் திரும்பும் டிக்கெட்டோடு போய்த் திரும்பவேண்டும்.

தங்கை கல்யாணம், பிள்ளை படிப்பு, ஊரில் ஓட்டு வீட்டுக்குத் தளம் என்று நம் கடமைகளுக்கு முடிவே கிடையாது. அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்தப் பட்டியலின் கடைசியில் நமக்கென்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொல்கிறோம். வருகிற திங்கட்கிழமை தபால் ஆபீஸ் திறந்ததும் ஒரு தொடர் வைப்புக் கணக்கு ஆரம்பியுங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம். வீட்டில் கேட்டால் எதற்காக என்று மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் விஜயனைப் போல வீட்டுக்காரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.