கபிலருக்கும் பாரிக்கும் நடுவே நான்கு நிமிடம்

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பாவேந்தர், கபிலர், ஔவையார் என்று புலவர்களைத் தாண்டித்தான் பாரி, காரி, ஓரி என்று வள்ளல்களிடம் போக முடியும். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கபிலர் வளைவில் சைக்கிளை மிதிக்க ஆரம்பிப்பேன். பாரி பக்கம் வரும்போது கடிகாரம் நான்கு நிமிடம் காட்டும். அப்படியே திருப்பி, பிரேக்கைப் பிடித்தபடி கபிலரிடம் இறங்கி வருவேன். அதற்கு மூன்று நிமிடம். திரும்பவும் பாரி. மொத்தம் நான்கு தடவை.

வயது 48. திருப்பத்தூரில் மெடிக்கல் ஷாப். ராத்திரி பத்துக்கு ஷட்டரை இறக்கினால் காலை ஒன்பதுக்கு ஏற்ற வேண்டும். நீண்ட தூரம் ஓட்ட ஆசை. நீண்ட நேரம் ஓட்ட வசதி இல்லை.

நான்கு வருஷத்துக்கு முன் பிரெவே என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில், 300 கிலோமீட்டருக்குக் கலந்துகொண்டேன். பிரெவே பந்தயம் இல்லை, முதல் பரிசு கிடையாது. கெடு மட்டும் உண்டு: 200-க்கு பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 600-க்கு 40. எனக்கு 230-ஆவது கிலோமீட்டரில் எதிர்க்காற்று. கால் வலிக்கவில்லை, பசி இல்லை, ஆனால் மணிக்குப் பதினான்கு கிலோமீட்டருக்கு மேல் வண்டி நகரவில்லை. கடைசியில் சைக்கிளை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். டிரைவர் பாவம், வழி நெடுக எதுவும் கேட்கவில்லை.

காரணம் பிறகுதான் உறைத்தது. எட்டு வருஷமாகத் தினமும் அதே ரோடு, அதே 25 கிலோமீட்டர், அதே வேகம். லேசாக மூச்சு வாங்கும், லேசாக வியர்க்கும். ஓய்வும் இல்லை, உழைப்பும் இல்லை. அந்த வேகத்துக்கு உடம்பு பழகி வெகுநாள் ஆகிவிட்டது. அதற்குமேல் அது ஏன் மெனக்கெட வேண்டும்?

நார்வேயின் ட்ரான்ட்ஹெய்மில் செய்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. ஆட்களை நான்கு குழுவாகப் பிரித்து, வாரம் மூன்று நாள், எட்டு வாரம் ஓடவிட்டார்கள். மொத்த உழைப்பு நான்கு குழுவுக்கும் ஒன்றே. சீராக ஓடிய இரண்டு குழுவுக்கும் வி.ஓ.டூ மேக்ஸ், அதாவது உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு, ஏறவில்லை. நான்கு நிமிடம் முடுக்கி மூன்று நிமிடம் தளர்த்தியவர்களுக்கு 7.2 சதவீதம் ஏறியது. அவர்களுடைய இதயம் ஒரே துடிப்பில் முன்பைவிட அதிக ரத்தத்தை வெளியே தள்ளியது. அவர்கள் ஓடினார்கள், நான் மிதிக்கிறேன். இதயத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை.

விஷயம் இவ்வளவுதான். உச்சத்துக்குப் பக்கத்தில் ஒரே மூச்சில் பதினாறு நிமிடம் தாங்குவது என்னைப் போன்றவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். நான்காகப் பிரித்து நடுவில் ஆற்றிக்கொண்டால் முடியும். இதற்குப் பெயர் இன்டர்வெல் பயிற்சி. இன்டர்வெல் என்றால் நமக்கு தியேட்டர் சமோசாதான் ஞாபகம் வரும். இங்கேயும் அந்த இடைவேளைதான் அடுத்த பாதியை ஓட வைக்கிறது.

நெஞ்சில் கட்டும் ஹார்ட் ரேட் பெல்ட் வாங்கினேன். 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்பது பிரபலமான கணக்கு. எனக்கு 172 வர வேண்டும். மலையில் உயிரைக் கொடுத்து ஏறிய ஒரு நாள் 181 காட்டியது. கணக்கை நம்பியிருந்தால் எல்லாமே ஒரு படி கீழே நின்றிருக்கும். 181-இல் 90 முதல் 95 சதவீதம் என்றால் 163-இலிருந்து 172. முதல் நிமிடம் பெல்ட்டைப் பார்ப்பதே வீண், துடிப்பு காலுக்குப் பின்னால்தான் வரும். இரண்டாவது நிமிடம் வாய் திறந்துவிடும். மூன்றாவதில் வளைவின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியும், அர்த்தம் ஏறாது. கடைசி நாற்பது விநாடி கண்ணுக்குத் தெரிவது முன்சக்கரத்தின் வால்வு மட்டும். அது மேலே வருகிறது, கீழே போகிறது.

இதில் நான் செய்த முட்டாள்தனம், பலன் தெரிந்ததும் வாரம் நான்கு நாள் ஏறியது. மூன்றாவது வாரம் தூக்கம் கெட்டது. காலையில் எழுந்ததும் 54 இருக்கும் நாடி 62-க்குப் போனது. சில்லறை இல்லாமல் வந்த ஒரு பாட்டியிடம் எரிந்து விழுந்தேன். மாத்திரை விற்கிறவனுக்கு அளவு தெரிந்திருக்க வேண்டாமா? இப்போது வாரம் இரண்டு நாள் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் வாய் நிறையப் பேசிக்கொண்டு ஓட்டும் வேகம். உச்சத்தில் இருக்கும் விளையாட்டு வீரர்களே பயிற்சிகளில் சுமார் 80 சதவீதத்தை மெதுவாகத்தான் செய்கிறார்கள் என்று எழுதியவர் ஸ்டீபன் செய்லர். படிக்கச் சுலபம். பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் மணி அடித்து முந்திப் போகும்போது சும்மா இருப்பதுதான், பாரி வளைவைவிடக் கடினம்.

மழைக்காலத்தில் மலைக்குப் போவதில்லை, வீட்டில் சைக்கிளை ட்ரெய்னரில் மாட்டி, நின்ற இடத்திலேயே ஓட்டுவேன். அதற்கு ரோன்னெஸ்டாட் என்ற நார்வே ஆய்வாளரின் முறை: 30 விநாடி அழுத்து, 15 விநாடி தளர்த்து, இப்படி 13 தடவை, மூன்று நிமிடம் ஆறி, இன்னும் இரண்டு சுற்று. பதினைந்து விநாடிக்குள் உடம்பின் ஆக்சிஜன் தாகம் இறங்கிவிடாது, அதுதான் சூட்சுமம். அவரது 2015 ஆய்வில் சைக்கிள் வீரர்களுக்குப் பத்து வாரத்தில் வி.ஓ.டூ மேக்ஸ் 8.7 சதவீதம் உயர்ந்தது. ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு தடவை ஓட்டியவர்களுக்கு 2.6. முதல் நாள் ஹாலில் கீழே விரித்த துண்டைப் பிழிய வேண்டியிருந்தது. "ஏங்க, நெஞ்சு ஏதும் வலிக்குதா?" என்று மனைவி ஃபேனைக் கூட்டிவிட்டுப் போனாள். நியாயமான கேள்வி. நாற்பதைத் தாண்டியவர்கள் டிரெட்மில் டெஸ்ட் எடுத்து, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இதில் இறங்க வேண்டும். நான் கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

போன வருஷம் அதே 300-ஐ 18 மணி 20 நிமிடத்தில் முடித்தேன். எதிர்க்காற்று அப்போதும் இருந்தது.

மலையடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு மட்டும் இதில் திருப்தி இல்லை. "ஏன்ணா, நானும் பாக்குறேன், பாதி ஏறுறீங்க, எறங்குறீங்க, திரும்ப ஏறுறீங்க. ஒரு நாளாச்சும் மேல போய் அந்த ஏரியப் பாத்தீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஏரிப் பக்கம் போய் ஏழு மாசம் இருக்கும்.


"இல்லக்கா" என்றேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் கொடுத்தார்.